பழைய தேக்குக் கதவைக் கழற்றி இரும்புக் கதவு போடலாமா? பூட்டு, கீல், பாத்ரூம் கதவு பற்றியும்

கேள்வி (14 மே 2023)

சென்னையில் அப்பா 1986-இல் கட்டிய வீடு. தரை, பாத்ரூம் எல்லாம் உடைத்துப் புதுப்பிக்கிறோம். வாசலில் தேக்கு இரட்டைக் கதவு, மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது. அதைத் தூக்கிவிட்டு இரும்புக் கதவும் கைரேகைப் பூட்டும் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். உள்ளறைகளுக்கு ஃபிளஷ் டோர் (இருபுறமும் சமமாக பிளைவுட் ஒட்டிய கதவு), பாத்ரூமுக்கு பிவிசி என்று பேச்சு. எதில் காசு போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

14 மே, இரவு

கழற்றாதீர்கள். முதலில் ஒப்பந்தக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: கழற்றிய கதவு யாருக்குப் போகும்? "அது சும்மா டெப்ரிஸோட போயிடும் சார்" என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள், பழைய நிலையும் கதவும் என்ன விலைக்குப் போகின்றன என்று. சும்மா போகிற சாமான் இல்லை அது.

1986-இல் போட்ட தேக்கு கிட்டத்தட்ட நாற்பது வருஷமாகக் காய்ந்து நிலைத்துவிட்ட மரம். இன்று கடையில் "பர்மா தேக்கு சார்" என்பார்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அறுத்த மரம் வரலாம், பழைய இருப்பு இருக்கலாம், ஆனால் அந்தப் பெயரில் கடையில் நிற்பதெல்லாம் அதுதான் என்று நம்ப வேண்டியதில்லை. ஆப்பிரிக்கத் தோட்டத் தேக்கு நிறைய வருகிறது. கெட்ட மரம் இல்லை, ஆனால் இளமரம், ஓரத்தில் வெளிறிய மஞ்சள் பட்டை அதிகம். அந்த வெளிர்ப் பகுதியைத்தான் கரையான் முதலில் தேடி வரும். பாலிஷ் போட்டபின் எது வெளிர், எது வைரம் என்று உங்களுக்குத் தெரியாது. பாலிஷுக்கு முன்னால் பாருங்கள்.

ஆக என் கட்சி இது: பலகை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, காசை இரும்புச் சாமானில் போடுங்கள். கீல், தாழ்ப்பாள், பூட்டு. மிச்சம் பிடிக்க வேண்டுமா, பளபள பாலிஷில் பிடியுங்கள்.

15 மே

உள்ளறை நிலைக்குப் புது மரம் வாங்குவதாக இருந்தால் கன அடிக் கணக்கை நீங்களே போடுங்கள். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 5-க்கு 3 சட்டம், மொத்தம் 22 அடி ஓடினால் 2.3 கன அடிக்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் இழைப்பதற்கு முந்தைய அளவைத்தான் கணக்கில் எடுப்பார், அது வழக்கம், சண்டை போட வேண்டாம். ஆனால் இழைத்தபின் எவ்வளவு நிற்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 3 அங்குலம் என்று வாங்கியது கையில் வரும்போது இரண்டே முக்காலாக இருக்கும்.

பாத்ரூம் நிலைக்கு மரமே வேண்டாம். கிரானைட் பட்டையோ டபிள்யூபிசியோ (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போதும்.

21 மே

மழைக்கு இறுகுவது பற்றி எழுத மறந்தேன் என்று இருவர் ஞாபகப்படுத்தினார்கள். அதுதான் உண்மையான கேள்வி.

மரம் குறுக்கில்தான் உப்பும், நெடுக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது. அதனால் உப்பின கதவு பக்கவாட்டில், ஓரம் முழுக்க ஒரே மாதிரி உரசும். உங்கள் கதவு பூட்டுப் பக்கம் மேல் மூலையில் மட்டும் உரசி, கீழே இடைவெளி விட்டுக்கொண்டு நிற்கிறதா? அது மழை இல்லை, கீல் தொங்கிவிட்டது. மேல் கீலின் ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள், சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டையில் தேக்குக் குச்சியைப் பசையோடு அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளைத்து முடுக்கினால் தீர்ந்தது. இதற்காகக் கதவையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. போனை செல்ஃபி கேமராவில் வைத்துக் கதவுக்கு அடியில் நீட்டிப் பாருங்கள். கதவின் அடி ஓரம் பச்சை மரமாக இருக்கும், பெயிண்டும் இல்லை பாலிஷும் இல்லை. மேல் ஓரமும் அப்படித்தான், அங்கே தூசிதான் பாலிஷ். முன்னும் பின்னும் நாலு கை அடித்துவிட்டு தண்ணீர் ஏறுகிற வழியைத் திறந்து விட்டிருக்கிறார்கள். கதவைக் கழற்றும் சந்தர்ப்பம் இப்போது இருக்கிறதே, அந்த இரண்டு ஓரத்தையும் முதலில் அடைத்துவிடுங்கள்.

நவம்பரில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். அவர் இழைத்துவிட்டுப் போவார், ஏப்ரலில் அந்த இடைவெளியில் பல்லி தாராளமாக நுழையும். இழைப்பதாக இருந்தால் நல்ல வெயில் காலத்தில், எங்கே உரசியது என்று மழையிலேயே பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு.

22 மே

"காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 ஸ்டெயின்லெஸ்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 304 நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 202 மலிவு ரகம், 202-லும் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது மலிவான இரும்பு அல்லது 400 வரிசை என்று கழித்துக்கட்டலாம், அவ்வளவுதான் அந்தச் சோதனை. 202-இல் நிக்கல் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். பிரித்துக் காட்ட ஒரு சொட்டு ரசாயனம் விற்கிறார்கள், மாங்கனீஸ் இருந்தால் நிறம் மாறும். சமையல் பாத்திரக் கடைக்காரர்களிடம்கூட இருக்கும்.

கடலுக்குப் பக்கம் என்றால் இது வெறும் பேச்சு இல்லை. எங்கள் வீடு திருவான்மியூர். பின்பக்கக் கதவில் போட்ட பளபள டவர் போல்ட் தாழ்ப்பாள் இரண்டாவது மழைக்கே டீ கொட்டின மாதிரி கறை பிடித்தது. 304-ம் கடற்காற்றில் லேசாகக் கறை பிடிக்கும், துடைத்தால் போகும். 202-இல் கறை போய்க் குழி விழும். 316 என்று ஒன்று உண்டு, மாலிப்டினம் சேர்த்தது, கடலோரத்துக்கு அதுதான் சரி. ஆனால் எல்லாச் சாமானும் அதில் கிடைக்காது. பித்தளை கறுக்கும், பச்சை பூக்கும், ஆனால் கரைந்து போகாது. பழைய வீடுகளில் ஏன் பித்தளை என்று இப்போது புரிகிறது. புளி போட்டுத் தேய்க்க ஆள் இருந்தால் பித்தளையே போடுங்கள்.

கீல் பற்றி: ஏழடிக் கதவுக்கு மூன்று. கனமான வாசல் கதவுக்கு நாலு, 5 அங்குலம், பால் பேரிங் உள்ளது. இதில் கையைச் சுருக்காதீர்கள், வாசல் கதவுக்கு நாலு நல்ல கீல் வாங்கினாலும் பாலிஷ் கூலியைத் தாண்டாது. வாங்கிவிட்டு அருகில் நில்லுங்கள். ஏனென்றால் ஆசாரி ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்துவிட்டு, கடைசிக் கால்வாசியை மட்டும் திருப்புளியால் இரண்டு சுற்று சுற்றுவார். பார்க்க ஒன்றும் தெரியாது. மரத்தின் நாரெல்லாம் கிழிந்திருக்கும், இரண்டு வருஷத்தில் மேல் கீல் ஆட ஆரம்பிக்கும். முதலில் சின்ன பிட்டால் துளை போட்டு, பிறகு முழுக்கத் திருகி இறக்க வேண்டும். பித்தளை ஸ்க்ரூ என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை இறக்கி எடுத்துவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் தலை அறுந்து கையோடு வரும். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆசாரிக்குக் கோபம்தான், "இருபது வருஷமா அடிக்கிறேன் சார்" என்றார். அதான் அண்ணே பிரச்சினை என்றேன். காபிக்கு அப்புறம் ட்ரில்லை எடுத்தார்.

3 ஜூன்

பூட்டுக்கு வருவோம். எந்தப் பூட்டு நல்லது என்று பட்டியலே கேட்கிறார்கள், நான் பட்டியல் தரப்போவதில்லை. பூட்டைவிட அது உட்காரும் இடம் பெரிது.

பலகை வைத்த சட்டக் கதவில் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில். அதன் முனை நெடுக்குச் சட்டத்துக்குள் நுழைந்து கவ்விக்கொண்டிருக்கும். கதவின் உடம்பே அந்த இணைப்பில்தான் நிற்கிறது. இப்போது மார்டிஸ் பூட்டு (கதவின் கனத்துக்குள் குடைந்து வைக்கிற பூட்டு) வாங்கி வருகிறீர்கள், கைப்பிடி வசதியான உயரமும் அதே இடம்தான். ஆசாரி உளியை எடுத்து அந்த இணைப்பைக் குடைந்து பெட்டியை உள்ளே தள்ளுவார். நாற்பது வருஷம் பிடித்து நின்ற மூட்டைக் கால் மணியில் தின்றாயிற்று. அதற்குப் பிறகு கதவு லேசாகக் கோணும், நாம் மழையைத் திட்டுவோம். பூட்டை நாலைந்து அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கைப்பிடி கொஞ்சம் உயரமாகவோ தாழ்வாகவோ தெரியும், பழகிவிடும்.

இரட்டைக் கதவில் இன்னொரு சங்கதி. பூட்டு ஒரு கதவை இன்னொரு கதவோடுதான் சேர்க்கிறது. அந்த இன்னொரு கதவை நிலையில் பிடிப்பது மேலும் கீழும் உள்ள தாழ்ப்பாள். அந்த மேல் தாழ்ப்பாள் நிலைக்குள் அரை அங்குலம்தான் போகிறது என்றால், பத்தாயிரம் ரூபாய் பூட்டு போட்டும் பிரயோஜனம் இல்லை. தோளால் ஒரு தள்ளு, இரண்டு கதவும் கைகோத்துக்கொண்டு உள்ளே வரும். மேலே ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இறங்க வேண்டும், கீழே கல்லில் துளை போட்டுப் பித்தளைக் குழாய் வைத்து அதில் இறங்க வேண்டும். பெருக்கும்போது அந்தத் துளையில் மண் சேரும், அவ்வப்போது குத்தி எடுக்கணும்.

ஒற்றைக் கதவு என்றால் பூட்டின் நாக்கு நுழையும் தகட்டைப் பாருங்கள். பெட்டியில் வருகிற முக்கால் அங்குல ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டரை அங்குலம் வாங்கி நிலைக்குள் ஆழமாக இறக்குங்கள். சாவி நுழையும் சிலிண்டரின் நீளம் கதவின் கனத்துக்கும் இருபக்கத் தகட்டுக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் இடுக்கியால் பிடித்து ஒடிக்க வசதி செய்து கொடுத்த மாதிரி.

4 ஜூன்

ஃபிளஷ் டோர் பற்றிக் கேட்டவருக்கு: ஐஎஸ் 2202 (ஃபிளஷ் டோருக்கான இந்தியத் தரம்) முத்திரை பாருங்கள், 32 மிமீக்குக் குறையாமல் வாங்குங்கள். உள்ளே முழு மரக்கட்டை அடைத்ததா, குழல் வைத்ததா என்று கேளுங்கள். குழல் என்றால் பூட்டு வரும் இடத்தில் கட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கதவின் ஓரத்தில் குறி இருக்கும், அதைத் தலைகீழாக மாட்டிவிட்டால் பூட்டு காற்றில் தொங்கும்.

18 ஜூன்

பாத்ரூம் கதவு. இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், மனசு வரவில்லை.

எங்கள் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள், பழைய அலுமினியம் டவர் போல்ட். கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி, எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி. அவர் கதவை ஒட்டி விழுந்து கிடந்தார். தாழ்ப்பாளை உடைத்தாலும் கதவை அவர் மேல்தான் தள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் வென்டிலேட்டரில் இருந்த கண்ணாடி லூவரை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கையை விட்டு, அப்புறம் உடம்பையும் விட்டு உள்ளே இறங்கி, அவரை மெல்ல நகர்த்தித்தான் திறந்தான். இடுப்பு எலும்பு. இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், என்னைத் திட்டுகிறார், எல்லாம் வழக்கம்போல்.

அதனால்: வயதானவர் இருக்கும் வீட்டில் பாத்ரூம் கதவு வெளியே திறக்கட்டும். வழியை அடைக்கும், அழகாக இருக்காது, ஈரம் வெளியே சொட்டும் என்பார்கள். சொட்டட்டும், ஒரு மிதியடி போட்டால் ஆயிற்று. வெளியே திறக்க இடமே இல்லை என்றால் தள்ளுகதவு. டவர் போல்ட் வேண்டவே வேண்டாம். உள்ளே திருகும் குமிழ், வெளியே நாணயம் வைத்துத் திருகும் பிளவு இருக்கிற பாத்ரூம் பூட்டு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது எப்படித் திறக்கும் என்று செய்து காட்டிவிடுங்கள், வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்து. உருண்டைக் குமிழ் வேண்டாம், ஈரக் கையும் மூட்டுவலிக் கையும் அதைத் திருகாது. நீளக் கைப்பிடி, முழங்கையாலேயே அழுத்தலாம்.

வாசல் கதவு பார்க்கிறவர்களுக்கு, பாத்ரூம் கதவு வீட்டு மனிதர்களுக்கு. நாம் செலவைத் தலைகீழாகச் செய்கிறோம்.

19 ஜூன்

நேற்று எழுதியதற்கு நிறைய பேர் அப்பாவை விசாரித்திருக்கிறீர்கள், நன்றி. "வெளியே திறந்தால் வாஸ்து இடிக்குமே" என்று ஒருவர். அவர் வீட்டில் யார் பெரியவர் என்று தெரியவில்லை, அவரிடமே கேட்கட்டும்.

பிவிசி கதவு தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கீல் பிடிக்கிற இடம் நைந்துபோகும். டபிள்யூபிசி கொஞ்சம் தேவலை. இரண்டிலும் பக்கத்தில் கீசரும் மேற்கு வெயிலும் இருந்தால் வளையுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

9 ஜூலை

கைரேகைப் பூட்டு. நான் எதிரி இல்லை, தம்பி வீட்டில் போட்டிருக்கிறான், சௌகரியம்தான். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம், அது பேட்டரியில் ஓடுவது. பேட்டரி தீரும் முன்னால் கத்தும், கத்துவதை வீட்டில் யாராவது கேட்க வேண்டும், அதுதான் நிபந்தனை. வெளியிலிருந்து அவசரத்துக்கு மின்சாரம் கொடுக்க ஒரு துளை இருக்கிறதா, சாதாரணச் சாவியும் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்துப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஆனால் அம்மாவின் விரல் அதற்குப் புரியவில்லை. வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கி, கோலம் போட்டு ரேகை மழுங்கின விரல். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. "என் வீட்டுக்கே என்னை அடையாளம் தெரியல" என்று சிரித்தார், சிரிப்பு மட்டும்தான் என்று சொல்ல முடியாது. எண் அமுக்கித் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தோம், பேரன் பிறந்த தேதி. எல்லாப் பாட்டிகளும் அதைத்தான் வைக்கிறார்கள், திருடனுக்கும் தெரியும், வேறு வையுங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்வது இருக்கிறதே, அது டிஜிட்டலில் மட்டும் இல்லை, பழைய நைட் லாட்சிலும் உண்டு. பால் பாக்கெட் எடுக்க வெளியே ஒரு கால் வைத்தால், காற்றில் கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே அடுப்பில் குக்கர். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இந்த வசதியை அணைத்து வையுங்கள்.

15 ஜூலை

திண்டுக்கல் பூட்டு போடலாமே என்று ஒரு நண்பர், ஊர்ப்பாசம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதை எல்லாம் எடுத்து வைக்கிறார். ஐயா, மாங்காய்ப் பூட்டு எங்கள் வீட்டிலும் இருக்கிறது, தாத்தா காலத்து நெல் குதிர் அறையில் தொங்கியது, கையில் எடுத்தால் எடை சொல்லும் கையால் செய்த சாமான் என்று. மொட்டை மாடிக் கதவுக்கு அதுதான். ஆனால் வாசல் கதவில் எந்த ஊர்ப் பூட்டானாலும் வெளியே தொங்கினால் "வீட்டில் யாரும் இல்லை" என்று போர்டு மாட்டியதற்குச் சமம். வாசலுக்கு உள்பூட்டு. ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் எட்டிப் பார்ப்பார்கள்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இருக்கிறதே, தொங்கு பூட்டில் எப்படியோ தள்ளிவிடும். சிலிண்டர் பூட்டில் விடாதீர்கள். தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி உள்ளே இருக்கும் சின்ன ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் போடலாம், இல்லையா, பென்சில் முனையைச் சாவியின் பல்லில் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள்.

6 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட நண்பர் பழைய தரை மேலேயே டைல் ஒட்டுகிறாராம். அப்படியானால் கதவைத் தொடுவதற்கு முன்னால் தரையை முடியுங்கள். டைலும் ஒட்டும் பசையும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும், எல்லாக் கதவும் தரையில் உரசும், ஒவ்வொன்றாக அடியில் அறுப்பார்கள். ஃபிளஷ் டோரில் அடிக்கட்டை கொஞ்சம்தான் இருக்கும், அதைத் தாண்டி அறுத்தால் உள்ளே இருப்பது பல்லிளிக்கும். அறுத்த ஓரத்தை அடைக்க வேண்டும் என்று நான் மறுபடியும் சொல்லத் தேவையில்லை, சொல்கிறேன்.

வாசல் கதவின் கீழ்த் தாழ்ப்பாள் துளையும் புதுத் தரையில் காணாமல் போயிருக்கும், பாருங்கள்.

17 டிசம்பர்

மிக்ஜாம் புயல் வந்து போயிற்று. வேளச்சேரியில் அத்தை வீட்டில் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்தபின் கதவுகளைப் பார்க்கப் போனேன், இந்தக் கேள்வி-பதில் இழை தலையில் ஏறிவிட்டது போல.

உள்ளறை ஃபிளஷ் டோர்கள் தண்ணீர் நின்ற உயரம் வரை உப்பி, மேல் தகடு அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. அடி ஓரம் அடைக்காத கதவுகள் மோசம். ஒன்றிரண்டு தப்பியவை தண்ணீர் தாங்கும் பசையில் செய்தவை, பில்லில் பிடபிள்யூபி என்று இருந்தது. பாத்ரூம் டபிள்யூபிசி கழுவியதும் பழையபடி. வாசல் தேக்கு உப்பி இறுகி, இரண்டு நாள் திறக்கவே வரவில்லை, பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து. இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது. அத்தை ஆசாரிக்குப் போன் போட்டுவிட்டார், நான் தடுத்து வைத்திருக்கிறேன், பங்குனி வரைக்கும் இழைப்புளி வீட்டுக்குள் வரக்கூடாது என்று. நிலையின் அடியில் மட்டும் குத்திப் பார்த்தேன், ஒரு பக்கம் உளி மெத்தென்று இறங்கியது. கரையான், வெள்ளத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

தாழ்வான பகுதியில் தரைத்தளம் என்றால், நான் ஜூன் மாதம் எழுதியதில் ஒன்றைச் சேர்த்துப் படியுங்கள்: உள்ளறைக்கு ஃபிளஷ் டோர் போட்டால் பிடபிள்யூபி தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

20 ஜனவரி 2024

நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். பழைய கதவு, புது பித்தளைக் கீல், பூட்டு நடுச்சட்டத்துக்குக் கீழே. பாத்ரூம் கதவு வெளியே திறக்கிறது. எல்லாம் சரி, ஆனால் படத்தில் படுக்கையறையைப் பாருங்கள், கதவு திறக்கும் பக்கத்தை மாற்றியிருக்கிறீர்கள், சுவிட்ச்போர்டு இப்போது கதவுக்குப் பின்னால். இருட்டில் உள்ளே போய், கதவைச் சாத்தி, அப்புறம்தான் விளக்கு. கீலை மறுபக்கம் மாற்றுவது சுவரை உடைப்பதைவிட மலிவு.

21 ஜனவரி

டோர் ஸ்டாப்பர் கேட்டிருக்கிறீர்கள். காந்த ஸ்டாப்பர் நல்லது, தரையில் போடாதீர்கள், கால் கட்டைவிரல் இடிக்கும், வாக்கர் மாட்டும். சுவரில், அடிப்பட்டை உயரத்தில். புது டைலில் துளை போடும் தொந்தரவும் மிச்சம்.